டிரெயினிங் முடிந்த பிறகுதான் கோச் தேவை! - ஐ.டி டீம்களின் ஒழுங்கு எங்கே நழுவுகிறது?

மதுரையில் ‘மாஸ்டர்’ என்று சொன்னால் முதலில் நினைவுக்கு வருபவர் பரோட்டா மாஸ்டர்தான். அதனால், இலந்தைக்குளத்தில் ஐ.டி வேலை பார்க்கும் பிள்ளை, “எங்க டீம்ல ஸ்கிரம் மாஸ்டர்னு ஒருத்தர் இருக்காரும்மா” என்று சொன்னால், வீட்டில் குழப்பம் வருவது நியாயம்தான்.

“அவரு என்னப்பா செய்வாரு?”

“அவரு புரோகிராம் எழுத மாட்டாரு. நாங்க முறையா வேலை பாக்குறோமான்னு கவனிச்சுக்குவாரு.”

“அப்ப சூப்பர்வைசருன்னு சொல்லு.”

“இல்லம்மா... அவரு மேனேஜரும் இல்ல!”

இதற்கு மேல் விளக்கப் பிள்ளைக்கு நேரம் இருக்காது. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் காலை 9 மணி என்றால் நமக்கு மாலை 6.30, அவர்களின் குளிர்காலத்தில் 7.30. மீட்டிங் ஆரம்பித்துவிடும்.

ஆனால், அம்மா கேட்டது சரியான கேள்வி. புரோகிராமும் எழுதாமல், மேனேஜராகவும் இல்லாமல் இருக்கும் ஒருவருக்கு ஒரு நிறுவனம் எதற்காகச் சம்பளம் கொடுக்க வேண்டும்? இன்ஜினீயரிங் முடித்து, கம்பெனியிலும் சில மாதங்கள் டிரெயினிங் எடுத்து வந்தவர்களுக்கு இன்னொரு ‘கோச்’ எதற்கு?

இந்தக் கேள்வி இப்போது மதுரைக்கு ரொம்பவே நெருக்கமானது. இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் எல்காட்டின் சிறப்புப் பொருளாதார மண்டலங்கள் இருக்கின்றன. எச்.சி.எல்., ஹனிவெல் போன்ற பெரிய நிறுவனங்கள் இங்கே கிளை வைத்திருக்கின்றன. மாட்டுத்தாவணி அருகே டைடல் பார்க்குக்கு 2025-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டி பக்கத்துப் பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போகாமல், வீட்டுச் சாப்பாட்டோடு ஐ.டி வேலை பார்க்க முடிகிறது. அந்த வேலை எப்படி நடக்கிறது, எங்கே சறுக்குகிறது என்று வீட்டில் இருப்பவர்களும் கொஞ்சம் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

இருபத்தொன்றாவது கட்டம்

2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. உலகம் முழுக்க கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு உறைந்து நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணிகளுக்குப் பேனாவால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். அந்தப் படங்கள் உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும்.

காரணம், கிரவுட்ஸ்ட்ரைக் என்ற அமெரிக்க நிறுவனம். கம்ப்யூட்டர்களை வைரஸிலிருந்து பாதுகாக்கும் சாஃப்ட்வேரைத் தயாரிக்கும் இந்த நிறுவனம், அன்று இந்திய நேரப்படி காலை 9.39 மணிக்கு ஒரு சின்ன அப்டேட்டை அனுப்பியது. தவறு தெரிந்து 78 நிமிடங்களில் அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதற்குள், மைக்ரோசாஃப்ட்டின் கணக்குப்படி, சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் முடங்கிவிட்டன.

தவறு என்ன தெரியுமா? ஒரு படிவத்தில் 21 கட்டங்கள் இருக்கின்றன. அவற்றை நிரப்புபவர் 20 கட்டங்களுக்கு மட்டுமே விவரம் தருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 21-வது கட்டத்தைப் படிக்கப்போன புரோகிராம், இல்லாத இடத்தில் கைவைத்து விழுந்தது. அவ்வளவுதான். சோதனை செய்யவில்லையா என்றால், செய்தார்கள். ஆனால், அந்தச் சோதனைகளில் 21-வது கட்டத்துக்கு ‘எது வந்தாலும் சரி’ என்ற விதியே இருந்தது. அதனால் ஓட்டை கண்ணில் படவில்லை. அதோடு, முதலில் கொஞ்சம் கம்ப்யூட்டர்களுக்கு அனுப்பிப் பார்த்து, சரியாக இருந்தால் மற்றவற்றுக்கு அனுப்புவது என்ற வழக்கமான நிதானமும் இந்த வகை அப்டேட்டுக்குக் கடைப்பிடிக்கப்படவில்லை.

ஒரு கோச் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது எளிது, நிரூபிப்பது கடினம். கவனிக்க வேண்டியது வேறு. கட்டங்களை எண்ணிப் பார்ப்பதும், கொஞ்சம் கொஞ்சமாக அனுப்புவதும் யாருக்கும் தெரியாத ராக்கெட் வித்தை இல்லை. முதலாண்டு மாணவருக்கே சொல்லித்தருவதுதான். தெரிந்ததைத் தினமும், ஒவ்வொரு முறையும் செய்வதுதான் பெரும்பாடு.

62 புரோகிராம் எழுதிய பெரியவர்

இந்தப் பெரும்பாட்டைப் பற்றியே வாழ்நாளில் பாதியை யோசித்தவர் ஒருவர் இருந்தார். வாட்ஸ் ஹம்ஃப்ரி. 1927-ல் பிறந்த அமெரிக்கர். சிறுவயதிலிருந்தே எழுத்துகளைப் படிப்பதில் தடுமாற்றம் தரும் டிஸ்லெக்ஸியா இருந்தும் இயற்பியல் படித்தவர். ஐ.பி.எம். நிறுவனத்தில் 27 ஆண்டுகள் இருந்தார். ஒரு கட்டத்தில் ஏறக்குறைய 4,000 சாஃப்ட்வேர் இன்ஜினீயர்கள் அவருக்குக் கீழே வேலை பார்த்தார்கள்.

1986-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மென்பொருள் பொறியியல் நிறுவனத்துக்கு வந்த ஹம்ஃப்ரி, ஒரு சாஃப்ட்வேர் நிறுவனம் எவ்வளவு முறையாக வேலை செய்கிறது என்பதை ஐந்து படிகளில் அளக்கும் முறைக்கு அடித்தளம் போட்டார். அதுதான் சி.எம்.எம். முதல் படியில் இருப்பவர்கள், யாரோ ஒரு திறமைசாலி ராத்திரி பகலாகக் கண்விழித்து வேலையை முடித்துத் தருவதை நம்பியிருப்பவர்கள். ஐந்தாம் படியில் இருப்பவர்கள், தங்கள் தவறுகளை எண்ணி, காரணம் கண்டுபிடித்து, அது மறுபடி நடக்காதபடி வேலைமுறையையே மாற்றிக்கொள்பவர்கள்.

இந்த ஐந்தாம் படியை இந்திய நிறுவனங்கள் பிடித்துக்கொண்டன. பெங்களூரில் இருந்த மோட்டோரோலா பிரிவு 1990-களின் முற்பாதியிலேயே அதை எட்டியது. உலகில் அப்போது அந்த உயரத்தில் இருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2000-களின் தொடக்கத்தில், உலகின் ஐந்தாம் படி நிறுவனங்களில் பாதிக்கு மேல் இந்தியாவில்தான் இருந்தன. நம்மூர்ப் பிள்ளைகளுக்கு வெளிநாட்டு வேலைகள் வந்து குவிந்ததில் அந்தச் சான்றிதழ்களுக்கும் பங்கு உண்டு. 2000-ல் சென்னையில் ஹம்ஃப்ரியின் பெயரிலேயே ஒரு மென்பொருள் தர நிறுவனம் அமைந்தது என்றால், அவர் மேல் இங்கே இருந்த மதிப்பைப் புரிந்துகொள்ளலாம்.

ஆனால், சான்றிதழ் சுவரில் தொங்கும். புரோகிராம் எழுதுவது மேஜையில் இருக்கும் மனிதர். அந்த ஒற்றை மனிதருக்கு ஐந்தாம் படி ஒழுங்கு சாத்தியமா? ஹம்ஃப்ரி இதை அடுத்தவர்மேல் சோதிக்கவில்லை. நிர்வாகப் பொறுப்புகளை விட்டுவிட்டு, அறுபது வயதைத் தாண்டிய பிறகு, தானே உட்கார்ந்து 62 புரோகிராம்கள் எழுதினார். ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம் ஆனது, எத்தனை தவறு செய்தோம், அதை எந்தக் கட்டத்தில் கண்டுபிடித்தோம் என்று நோட்டுப் போட்டார். வீட்டுச் செலவுக் கணக்கு எழுதும் அம்மாக்களுக்கு இந்தப் பொறுமை புரியும்.

அதிலிருந்து பிறந்ததுதான் தனிநபருக்கான அவருடைய பயிற்சிமுறை. 1995-ல் புத்தகமாகவும் வந்தது. அதில் கிடைத்த புள்ளிவிவரங்கள் பலருடைய பெருமிதத்தைக் கலைத்தன. அனுபவசாலிகள்கூட ஆயிரம் வரி எழுதினால் அதில் நூறு தவறுகள் வரை இருக்கும் என்றது கணக்கு. பயிற்சிக்கு வந்தவர்கள் பத்துப் பதினைந்து சிறு புரோகிராம்களை எழுதி முடிப்பதற்குள், தங்கள் தவறுகளைத் தாங்களே முன்கூட்டிப் பிடிக்கப் பழகினார்கள். தரம் கண்கூடாக ஏறியது.

பிறகுதான் சிக்கல். பயிற்சி முடித்து வேலைக்குத் திரும்பியவர்களில் பலர், சில வாரங்களிலேயே பழைய பழக்கத்துக்குப் போய்விட்டார்கள்! பயன் தரும் என்று அவர்களே தங்கள் கணக்கில் பார்த்திருந்தார்கள். ஆனாலும் விட்டுவிட்டார்கள். பக்கத்து மேஜைக்காரர் கணக்கு எழுதுவதில்லை. மேனேஜருக்கு அது தேவைப்படவில்லை. டெட்லைனோ கழுத்தில் கத்தியாக நிற்கிறது. தனி மனிதரின் மனஉறுதி அதற்குமுன் எத்தனை நாள் தாங்கும்?

நான்கு நாள் பேச்சு

அந்தத் தோல்வியிலிருந்துதான் ஹம்ஃப்ரி, டீமுக்கான முறையை 1990-களின் பிற்பாதியில் உருவாக்கினார். அதில் தவிர்க்கமுடியாத இடம் கோச்சுக்கு. 2006-ல் கோச்சிங் பற்றியே தனியாக ஒரு புத்தகம் எழுதினார்.

வேலை ஆரம்பிக்கும்போதே கோச் வந்துவிடுவார். மூன்று, நான்கு நாள்கள் டீம் முழுக்க உட்கார்ந்து பேச வேண்டும். முதல் நாள் மேனேஜ்மென்ட் வந்து, ‘எங்களுக்கு இது வேண்டும், இந்தத் தேதிக்குள் வேண்டும்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடும். அதன்பின் டீம் தனியாக உட்கார்ந்து, எத்தனை வேலைகள், ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணி நேரம், யார் செய்வது, எங்கே தவறு வரலாம் என்று தானே கணக்குப் போடும். திட்டத்துக்கு ஒருவர் பொறுப்பு, தரத்துக்கு ஒருவர் பொறுப்பு, சோதனைக்கு ஒருவர் பொறுப்பு என்று பிரித்துக்கொள்ளும். கடைசி நாள் மேனேஜ்மென்ட் மறுபடி வரும்.

அந்தக் கடைசிக் கூட்டம்தான் விஷயமே. “நீங்கள் கேட்ட தேதிக்குள் எல்லாவற்றையும் தர முடியாது. இதைக் குறைத்தால் அந்தத் தேதி, ஆள் கூட்டினால் இந்தத் தேதி” என்று, கையில் கணக்கோடு, இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி தன் மேலதிகாரியிடம் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே என்று வளர்க்கிறோம். கேட்டதற்கெல்லாம் ‘சரிங்க சார்’ என்று தலையாட்டிவிட்டு வந்து, ராத்திரி முழுக்கக் கண்விழிப்பதைத்தான் நாம் உழைப்பு என்று நினைக்கிறோம். அந்தத் தலையாட்டல்தான் சாஃப்ட்வேரில் பல விபத்துகளுக்கு முதல் படி. முடியாத தேதிக்கு ஒப்புக்கொண்ட டீம், முதலில் கைவிடுவது எதை? படித்துச் சரிபார்ப்பதை. அடுத்து, சோதனையை.

கோச் அந்த அறையில் இருப்பது அதற்காகத்தான். அவர் டீமுக்காகப் பேச மாட்டார். கணக்கு சரியா என்று டீமோடு பார்த்துக்கொடுத்து, அதன்மேல் நின்று பேச அவர்களைப் பழக்குவார்.

அதற்குப் பிறகு வாரம்தோறும் கூட்டம். சில மாதங்களுக்கு ஒருமுறை மீண்டும் திட்டம். இடையில் கோச் செய்வது பெரும்பாலும் கேள்வி கேட்பதுதான். உதாரணமாக, ஒருவர் 400 வரிகளைச் சரிபார்த்ததாக எழுதியிருக்கிறார். தவறு எதுவும் இல்லை. பத்து நிமிடத்தில் முடித்துவிட்டார். ஹம்ஃப்ரியின் முறைப்படி, ஒரு மணி நேரத்துக்கு 200 வரிகளுக்கு மேல் படித்தால் கண் தவறுகளைத் தாண்டிப் போய்விடும். ஆக, 400 வரிகளுக்கு இரண்டு மணி நேரமாவது வேண்டும். கோச் திட்ட மாட்டார். “இதை எப்படிப் படிச்சீங்க, எனக்கும் காட்டுங்களேன்” என்று பக்கத்தில் நாற்காலியைப் போடுவார். சிலம்ப வாத்தியார் கம்பைப் பிடுங்கிச் சுற்றிக்காட்டாமல், மணிக்கட்டை மட்டும் தொட்டுத் திருத்துவதைப் போல.

அண்ணா நகரில் ஐம்பது ஆண்டுகளாக

இதற்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை என்று மதுரைக்காரர்கள் சொன்னால் ஒப்புக்கொள்வேன். அண்ணா நகரில் இருக்கும் அரவிந்த் கண் மருத்துவமனை, 1976-ல் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கியது. அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வுபெற்றவர்; முடக்குவாதத்தால் விரல்கள் வளைந்துபோனவர். இன்று உலகமே வந்து பார்த்துச் செல்லும் இடம்.

அங்கே ஓர் அறுவை சிகிச்சை நிபுணர் ஆண்டுக்கு இரண்டாயிரம் கண்புரை ஆபரேஷன்கள் வரை செய்வது சாதாரணம். அவர் இரண்டு மேஜைகளுக்கு நடுவே இருப்பார். ஒரு நோயாளிக்கு ஆபரேஷன் முடியும்போது, அடுத்தவர் பக்கத்து மேஜையில் தயாராக இருப்பார். தயார்ப்படுத்துவது யார்? பெரும்பாலும் சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்து பிளஸ் டூ முடித்துவிட்டு வந்து, இரண்டு ஆண்டுப் பயிற்சி எடுத்த பெண்கள். மெக்டொனால்ட்ஸ் கடைகளில் எல்லா ஊரிலும் ஒரே ருசி வருவதைப் பார்த்து டாக்டர் வெங்கடசாமி வியந்தார் என்பது பலருக்கும் தெரிந்த கதை. ஆனால், அந்த ஒழுங்கு ஒரு விதிப்புத்தகத்தால் மட்டும் வரவில்லை. புதியவர் பக்கத்தில் மூத்தவர் நிற்கிறார். ஆபரேஷனுக்குப் பின் வரும் சிக்கல்களைக் குறித்துவைத்து, திரும்பிப் பார்த்து, திருத்துகிறார்கள்.

சாஃப்ட்வேர் உலகில் இதற்கு நெருக்கமானது, இரண்டு பேர் ஒரே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து புரோகிராம் எழுதும் வழக்கம். 1990-களின் இறுதியில் கென்ட் பெக் என்பவர் பிரபலமாக்கினார். அவருடைய முறையிலும் டீமுக்கு ஒரு கோச் உண்டு. பத்துப் பேர் மட்டுமே இருக்கும் சின்ன நிறுவனங்களுக்குத் தனியாக ஒரு கோச்சை வைக்கக் கட்டுப்படியாகாது. மூத்தவர் ஒருவர் தினமும் ஒரு மணி நேரம் இளையவர் பக்கத்தில் உட்கார்ந்தாலே பாதி வேலை நடக்கும். அந்த ஒரு மணி நேரத்தை வீண் என்று கணக்கெழுதாத முதலாளி வேண்டும். அது கொஞ்சம் அபூர்வம்தான்.

கோச் போன பின்னால்...

கோச்சின் பலத்தையும் எல்லையையும் காட்டும் ஆய்வு ஒன்று மருத்துவத் துறையில், நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. உத்தரப்பிரதேசத்தில் பிரசவம் பார்க்கும் 120 மருத்துவ நிலையங்களை எடுத்துக்கொண்டார்கள். பாதி இடங்களில், கை கழுவுவது முதல் குழந்தையைக் கதகதப்பாக வைப்பது வரை ஒரு பட்டியலைக் கொடுத்து, அதைப் பின்பற்ற கோச்சுகளையும் அனுப்பினார்கள். எட்டு மாதம். முடிவுகள் 2017-ல் வெளியாயின.

இரண்டாவது மாதத்தில், கோச் வந்த இடங்களில் 18 முக்கியச் செயல்களில் 72.8 சதவிகிதம் சரியாகச் செய்யப்பட்டன. கோச் வராத இடங்களில் 41.7 சதவிகிதம். பெரிய வித்தியாசம்! ஆனால் 12-வது மாதத்தில், அதாவது கோச்சுகள் போய் நான்கு மாதம் ஆனபின், 72.8 என்பது 61.7 ஆக இறங்கியிருந்தது. இன்னொன்று, தாய் சேய் மரணங்களில் இரண்டு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை.

சங்கடமான முடிவுதான். அதனாலேயே இதைச் சொல்கிறேன். கோச் வந்தால் ஒழுங்கு வரும்; போனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். அந்த ஒழுங்கு மட்டுமே எல்லாவற்றையும் காப்பாற்றிவிடாது. மருந்தும், கருவியும், ஆளும் வேண்டும். சாஃப்ட்வேரிலும் அப்படித்தான். அடிப்படை தெரியாத டீமுக்கு எவ்வளவு நல்ல கோச் வந்தாலும், தவறான புரோகிராமை ரொம்ப ஒழுங்காக எழுதுவார்கள்.

கோச் என்ற பெயரில் காலை மீட்டிங்கில் வருகைப்பதிவு எடுப்பவர்களும் இருக்கிறார்கள் என்பதையும் மறைக்க வேண்டாம். “நேத்து என்ன பண்ணுனீங்க, இன்னைக்கு என்ன பண்ணப்போறீங்க?” என்று வரிசையாகக் கேட்டு எக்செல்லில் ஏற்றுவதோடு அவர்கள் வேலை முடிந்துவிடும். அமெரிக்காவின் கேபிடல் ஒன் வங்கி 2023 ஜனவரியில், இதுபோன்ற பொறுப்புகளில் இருந்த 1,100-க்கும் மேற்பட்ட பணியிடங்களை ஒரேயடியாக நீக்கியது. அந்த வேலையை இன்ஜினீயர்களும் மேனேஜர்களுமே சேர்த்துப் பார்த்துக்கொள்ளட்டும் என்றது. ஸ்கிரம் மாஸ்டர் சான்றிதழுக்காகப் பணம் கட்டிக் காத்திருக்கும் நம் பிள்ளைகள் இந்தச் செய்தியையும் படிக்க வேண்டும்.

மேனேஜரே கோச் வேலையையும் பார்த்தால் என்ன என்று கேட்கலாம். அங்கேதான் ஹம்ஃப்ரி பிடிவாதமாக இருந்தார். ஒருவர் தன் தவறுகளைப் பற்றி எழுதும் கணக்கு அவருக்கே சொந்தம். டீமின் மொத்தக் கணக்கு மட்டும்தான் வெளியே போக வேண்டும் என்றார். யோசித்துப் பாருங்கள். இந்த மாதம் நாற்பது தவறு செய்தேன் என்று நேர்மையாக எழுதியவருக்கு ஏப்ரல் மாத அப்ரைசலில் மார்க் குறைந்தால், மே மாதத்திலிருந்து அந்த டீமில் யாருமே தவறு செய்ய மாட்டார்கள். காகிதத்தில்! சம்பளத்தை முடிவுசெய்பவரிடம் யாரும் முழு உண்மையைச் சொல்வதில்லை. அம்மாவின் கேள்விக்கு இதுதான் பதில். அவர் சூப்பர்வைசர் இல்லை என்பதால்தான் அவரிடம் உண்மையைச் சொல்ல முடிகிறது.

இப்போது ஏ.ஐ வேறு

ஹம்ஃப்ரி 2010-ல் மறைந்துவிட்டார். இன்று புரோகிராமில் பெரும்பகுதியை ஏ.ஐ எழுதித்தரும் நிலை வந்துவிட்டது. ஆயிரம் வரி கேட்டால், டீ குடித்து முடிப்பதற்குள் கிடைத்துவிடும். ‘இனி யாருக்கு கோச் வேண்டும்?’ என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கென்னவோ தேவை கூடியிருப்பதாகத்தான் தோன்றுகிறது. எழுதும் வேகம்தான் கூடியிருக்கிறது. படித்துச் சரிபார்க்கும் மனிதக் கண்ணின் வேகம் கூடவில்லை. மணிக்கு 200 வரி என்ற பழைய கணக்கை வைத்தால், அந்த ஆயிரம் வரிகளைப் படிக்க ஐந்து மணி நேரம் வேண்டும். இருபத்திரண்டு வயதில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு, ஏ.ஐ எழுதியதைச் சந்தேகப்பட யார் சொல்லித்தருவார்கள்?

கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் போகும் பிள்ளைகளிடம், “கடைசியில் ஏதாவது கேட்க விரும்புகிறீர்களா?” என்று கேட்பது வழக்கம். பலரும் “ஒண்ணுமில்ல சார்” என்று எழுந்துவிடுவார்கள். அடுத்த முறை இதைக் கேட்கலாம்: “நான் எழுதுறதை யார் படிச்சுப் பாப்பாங்க சார்? அதுக்கு அவங்களுக்கு நேரம் ஒதுக்கியிருக்கீங்களா?” பதில் சொல்வதற்குமுன் எதிரில் இருப்பவர் எவ்வளவு நேரம் யோசிக்கிறார் என்பதையும் கவனித்துக்கொள்ளலாம்.